வெறும் தண்ணீரை வேகவைத்தவர்

டீயைக் குடித்து முடித்ததும் அவர் டம்ளரைக் கவிழ்த்து நாக்குக்கு நேராகப் பிடிப்பார். கடைசிச் சொட்டு விழும்வரை அண்ணாந்தபடியே காத்திருப்பார். எதிரே பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தாலும் சரி, எங்கள் வாட்ச்மேன் நின்றிருந்தாலும் சரி, அவருக்கு ஒன்றுதான். சொட்டு விழுந்ததும் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, "வீணாப் போகக்கூடாதுங்க பாருங்க" என்பார். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு அந்த மனிதர்மேல் மதிப்பு வந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெயர் வேண்டாம். பெயர் சொல்லும் அளவுக்கு அவர் எங்களுக்கு ஒன்றும் செய்துவிடவில்லை. எல்லோரும் சார் என்றார்கள், நானும் சார் என்றேன். பீளமேட்டில் வீடு. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இன்ஜினியர். விறகையோ நிலக்கரியையோ எரித்து நீராவி எடுக்கிற ஆலைகள், அதே நீராவியில் கரண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. இணைமின் திட்டம் என்று பெயர். அப்படிச் செய்கிறவர்களுக்கு மானியம் உண்டு. எங்கள் பக்கத்து மில்களையும் சாயப்பட்டறைகளையும் அந்தத் திட்டத்துக்குள் இழுத்துவருவதற்கு அமர்த்தப்பட்ட ஆலோசகர்தான் இவர்.

எங்கள் பட்டறை அவிநாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருப்பூர் பனியன் துணிக்குச் சாயம் ஏற்றிக் கொடுக்கிறோம். மிஷினும் ஆட்களும் என் கணவர் பொறுப்பு. ஆஃபீசும் கழிவுநீர்த் தொட்டியும் என் பொறுப்பு. தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் குடும்பத்தின் உயிர் அதில்தான் மிதக்கிறது. சாயத்தண்ணீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்பது சட்டம். எல்லாம் அந்தத் தொட்டிக்குத்தான் வரும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருந்து அழுக்கைத் தின்கின்றன. நாங்கள் பூச்சி என்போம். பூச்சி உயிரோடு இருந்தால் தண்ணீர் தெளியும், பட்டறை ஓடும். பூச்சி செத்தால் கேட்டுக்குச் சீல். காலையில் எழுந்ததும் நான் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தொட்டியைத்தான் போய்ப் பார்ப்பேன்.

அவரை முதலில் பார்த்தது கோயமுத்தூரில் ஒரு ஹோட்டல் ஹாலில், திட்டத்தை விளக்குகிற கூட்டத்தில். குத்துவிளக்கு, வரவேற்புரை, மேடையில் இருந்த எல்லோருக்கும் பொன்னாடை. ஏசி குளிரில் எங்களுக்கெல்லாம் பல் அடித்துக்கொண்டது. மற்றவர்கள் திரையில் படம் போட்டு இங்கிலீஷில் அளந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கடைசியாக இவர் மைக்கைப் பிடித்தார்.

"கொடியடுப்பு பாத்திருப்பீங்கல்லங்க? ஒரே தீ. முன்னால சோறு வேகுது, பின்னால வெந்நி காயுது. வெந்நிக்குன்னு தனியா ஒரு குச்சி வெறகு வெக்கறமுங்களா? அதேதானுங்க இது. நீராவி மொதல்ல டர்பைனச் சுத்திக் கரண்டு குடுக்கும். அதே நீராவி அப்பறம் உங்க சாய மிஷினுக்குப் போகும். வீணாப் போறதுன்னு ஒண்ணுமே இல்லீங்க."

ஹாலே கைதட்டியது. நானும் தட்டினேன். இன்றைக்கும் சொல்கிறேன், அந்தப் பேச்சில் ஒரு பொய் கிடையாது. கொடியடுப்பில் என்ன குற்றம்? பின் அடுப்பில் பாத்திரமே வைக்காமல் காலையிலிருந்து மாலைவரை தீயை எரித்துக்கொண்டிருக்கிறவனைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது இவர் மட்டும் பின்வரிசை நாற்காலிகளுக்கிடையே குனிந்து குனிந்து நடந்தார். ஆட்கள் விட்டுப்போன பலகாரப் பெட்டிகளைத் திறந்து பார்த்து, கடிக்காத மைசூர்பாகையெல்லாம் ஒரே பெட்டியில் சேர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூச்சப்படவில்லை. "பாருங்கம்மிணி, எத்தனை வீணாக்கறாங்கன்னு" என்றார்.

அடுத்த வாரமே பட்டறைக்கு வந்துவிட்டார். வந்ததும் என் கணவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். என் கணவர் அப்படியே உருகிப்போனார். மடிப்பில் சாம்பார்க் கறை இருந்ததை நான்தான் பார்த்தேன். யாரோ சாருக்குப் போர்த்தியதை அவர் என் கணவருக்குப் போர்த்தியிருக்கிறார். என் கணவர் இனி யாருக்காவது போர்த்தினால்தான் அந்தப் பொன்னாடைக்கு முக்தி.

எங்களுக்கு வேண்டிய நீராவி கொஞ்சம்தான். அதற்கு ஏற்ற மாதிரி ஒரு சின்ன டர்பைன் போதும் என்று நான் சொன்னேன்.

"சின்னதுக்குத் திட்டத்துல எடமில்லீங்கம்மிணி" என்றார்.

"பெருசு போட்டா அவ்வளவு நீராவிய வெச்சு நாங்க என்னங்க பண்றது?"

"இன்னிக்கு இருக்கற மாதிரியே இருந்துருவீங்களா? இன்னும் நாலு மிஷினு வராதுங்களா? நான் வாய் வெச்சுச் சொன்னாப் பலிக்குமுங்க. பாத்துக்கலாமுங்க."

பலிக்கும் வாய்! அவர் சேர்த்துவிட்ட டர்பைன் எத்தனை, அவை எவ்வளவு கரண்டு எடுக்கும் என்றுதான் மேலிடத்தில் அவரிடம் கேட்டார்கள். நீராவி எங்கே போகிறது என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவர் ஏன் பதில் வைத்திருக்கப்போகிறார்? என் கணவர் தலையாட்டினார். எங்கள் ஆட்களிடம் இது ஒரு வியாதி. வீடு தேடி வந்தவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல நாக்கு எழாது. பொண்ணு கேட்டு வந்தவனுக்கே பிடிக்கவில்லை என்று சொல்லாமல் காப்பி கொடுத்து, ஜாதகம் பார்க்கிறோம் என்று அனுப்புகிறவர்கள். பேங்கில் பட்டறையை அடமானம் வைத்து டர்பைனும் அதற்கேற்ற பெரிய பாய்லரும் வாங்கினோம்.

துவக்க நாளில் பூசை. டர்பைனுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. திருஷ்டி சுற்ற இரண்டு பூசணிக்காய் வாங்கி வைத்திருந்தேன். ஒன்றை உடைத்தோம். இரண்டாவதைத் தூக்கும்போது சார் கையை நீட்டி நிறுத்திவிட்டார். "ஒண்ணுலயே எல்லாத் திருஷ்டியும் போயிருச்சுங்க. இது வீணாப் போவானேன்?" என்று அதைத் தன் கார் டிக்கியில் வைக்கச் சொன்னார். இரண்டாவது பூசணி உடையாததால்தான் எங்களுக்கு இத்தனையும் வந்தது என்று என் மாமியார் இன்றுவரை சொல்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தப் பூசணிக் கூட்டு அவர் வயிற்றில் செரித்திருக்கக்கூடாது என்று ஆசைப்படுகிறேன்.

டர்பைன் ஓட ஆரம்பித்தது. கரண்டும் வந்தது. ஆனால் டர்பைன் சுற்ற வேண்டுமானால் அதற்குள் நுழைந்த நீராவி இன்னொரு பக்கம் வெளியேறியாக வேண்டும். அத்தனையையும் எடுத்துக்கொள்ள எங்களிடம் மிஷின் இல்லை. ஓட்டாமல் நிறுத்திவைத்தால் மானியம் இல்லை. அதனால் மிச்ச நீராவியைக் கூரைக்கு மேலே ஒரு குழாய் வைத்து வானத்துக்கு விட்டோம். பாதி விறகு சாயத்துக்கு எரிந்தது, பாதி விறகு மேகத்துக்கு எரிந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது. எங்கள் பின்பக்கத்து மாட்டுப்பண்ணைக்காரர் ஒருநாள் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, என்ற எருமையெல்லாம் மெரண்டு போயிப் பாலே எறக்க மாட்டேங்குதுங்க. கொஞ்சம் மெதுவா ஊதச் சொல்லுங்க."

அதைக் கேட்டுவிட்டு சாரை வரவழைத்தேன். வந்தார். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். வெள்ளையாக நீராவி பொங்கிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பணம், எங்கள் விறகு. ஏதாவது சொல்வார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி ஆஃபீசுக்குள் நடந்தார். உள்ளே யாரும் இல்லை, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே வந்து, இரைச்சலுக்கு மேலே கத்திச் சொன்னார்: "ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடுதுங்க பாருங்க! இப்படித்தானுங்க நாடே வீணாப் போகுது!"

அந்த நிமிஷம் எனக்கு விளங்கிவிட்டது. இந்த மனிதருக்குக் கைக்கு எட்டுகிற சிக்கனம் மட்டும்தான் தெரியும். சொட்டு டீ தெரியும், பூசணிக்காய் தெரியும், சுவிட்ச் தெரியும். கை எட்டாத உயரத்தில் ஒரு பாய்லரே ஆவியாகப் போனாலும் அது அவர் கணக்கில் வராது. கஞ்சனிடமாவது ஒரு நியாயம் இருக்கும், தன் பொருளை அவன் காப்பாற்றுவான். இவர் அதைக்கூடச் செய்யாத வெற்றுக் கஞ்சன்.

மானியத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து அதிகாரி வந்து சோதிப்பார் என்றார்கள். கரண்டு எடுத்தால் மட்டும் போதாது, நீராவியில் பெரும்பகுதி உற்பத்திக்குப் பயன்பட்டதாக மீட்டர் காட்ட வேண்டும். நல்ல விதிதான். எழுதியவன் யோக்கியனாக இருந்திருப்பான். ஆனால் அந்தச் சமயத்தில் திருப்பூரில் ஆர்டர் படுத்திருந்தது. எங்கள் மிஷின்களில் பாதி சும்மா நின்றன. சார் முதல்நாளே வந்துவிட்டார். தலைகால் தெரியாத உற்சாகம்.

"அம்மிணி, எல்லா மிஷின்லயும் தண்ணி ரொப்பிப்போடுங்க. ஸ்டீமத் தொறந்து உடுங்க. கொதிச்சதும் எறக்கிப்போட்டு மறுக்காவும் ரொப்புங்க. மீட்டர் ஏறோணும், அவ்வளவுதான்."

"துணி?"

"துணி எதுக்குங்க வீணா?"

வெறும் தண்ணீரை. கேட்டுக்கொள்ளுங்கள். எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காக அரசாங்கம் போட்ட திட்டத்துக்காக, வெறும் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க வேகவைத்துக் கீழே ஊற்றச் சொன்னார்.

"எறக்கற சுடுதண்ணி எங்கீங்க போகும்? என்ற தொட்டிக்குத்தான வரும்? எப்பவும் வர்ற தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஆறி வரும். இத்தன சுடுதண்ணி ஒண்ணா வந்தா பூச்சியெல்லாம் வெந்துபோகுமுங்க."

"போற வழியில ஆறிப்போயிருமுங்க. நீங்க ரொம்பப் பயப்படறீங்க. ரெண்டு நாளு விசயம்."

நான் என் கணவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். "ஏனுங்க, வேண்டாமுங்க. மானியம் போனாப் போகுது. தொட்டி போச்சுன்னா பட்டறையே போச்சு."

அவர் பாவம் கையைப் பிசைந்தார். "இத்தன தூரம் நமக்காக அலைஞ்சிருக்காரு புள்ள. இப்பப் போயி முடியாதுன்னு எப்படிச் சொல்றது? தப்பா நெனச்சுக்குவாரு."

தப்பாக நினைத்துக்கொள்வாராம்! வேறெந்த ஊர்க்காரனாவது இந்தக் காரணத்துக்காகத் தன் பிழைப்பில் சுடுதண்ணீர் ஊற்றுவானா? ஊற்றினோம். இரண்டு நாளும் எல்லா மிஷினும் வெறும் தண்ணீரைப் போட்டுப் புரட்டின. மீட்டர் ஏறியது. அதிகாரி வந்து மீட்டரைப் பார்த்தார், மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டார். மூடியைத் திறந்து துணி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. மிகச் சிறப்பு என்று எழுதிவிட்டு, பட்டறையை ஒட்டிய எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்.

சாரும் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அதிகாரி இலையில் தொடாமல் வைத்த வடையை, "சார் சக்கரைக்காரருங்க, வீணாப் போயிரும்" என்று எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டார். சாப்பிட்டு முடித்து இலையை விரலால் வழித்த வழிப்பில் அந்த இலையை இன்னொரு பந்திக்குப் போடலாம். அதே நேரத்தில் பின்பக்கம் கொதிக்கிற தண்ணீர் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆவி வாசலிலிருந்தே தெரிந்தது. நான் ரசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த கரண்டியால் யாரையாவது ஒரு அடி அடிக்கலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் தொட்டிக்குப் போனேன். நல்ல தொட்டி மழை பெய்த மண் போல மணக்கும், நுரை பழுப்பாக இருக்கும். அன்று கிட்டே போகமுடியவில்லை. செத்த எலி வாடை. தண்ணீர் கறுத்துக் கிடந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளுக்காக அழுத ஒரே பைத்தியக்காரி நானாகத்தான் இருப்பேன். அந்த வாரமே மாசுக் கட்டுப்பாட்டுக்காரர்கள் வந்து தண்ணீரை எடுத்துப் பார்த்துப் பட்டறையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. தண்ணீர் தெளிந்தால் திறக்கலாம், இல்லையென்றால் இல்லை. பட்டறை நின்றால் பேங்குக்காரன் கேட்டைத் தட்டுவான். எங்களிடம் வேலை பார்த்து, பட்டறைக்குப் பின்னால் குடியிருந்த வடக்கத்திப் பையன்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள்.

சாருக்குப் போன் போட்டேன். "அடடா, அப்படிங்களா? ஆனா பாருங்கம்மிணி, தண்ணி வேற டிபார்ட்மென்டுங்க. நம்முளுது ஸ்டீம் மட்டுந்தானுங்க" என்றார். போனை வைக்கும்போதுகூட, "சரிங்க, போன் காசு ஓடிட்டு இருக்குது, வெச்சரட்டுங்களா?" என்று கேட்டுத்தான் வைத்தார். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

செத்த தொட்டிக்கு உயிர் கொடுக்க எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. பச்சைச் சாணியைக் கரைத்து ஊற்றிப் புதிதாகப் பூச்சி பிடிக்க வேண்டும். அவை பெருகுவதற்குத் தீனியாக நாட்டுச் சர்க்கரை போட வேண்டும். காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். எருமை மிரண்டதற்குச் சண்டைக்கு வந்த அந்தப் பண்ணைக்காரர்தான் சாணியை வண்டி வண்டியாக அனுப்பினார். "எடுத்துக்கோ கண்ணு, எருமைக்குச் சாணிக்கா பஞ்சம்?" என்றார். கவுந்தப்பாடியிலிருந்து நாட்டுச் சர்க்கரை மூட்டை வரவழைத்தோம். காலையும் மாலையும் நானே கரைத்து ஊற்றினேன். தொட்டி அசையவே இல்லை.

அப்படி ஒரு மத்தியானத்தில் சாரின் கார் வந்து நின்றது. கூடவே ஒரு கேமராக்காரன். திட்டத்தின் வெற்றிக் கதைகள் என்று புத்தகம் போடுகிறார்களாம், அதில் எங்கள் டர்பைன் வருகிறதாம். பட்டறை நின்றிருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓடாத டர்பைனுக்கு முன்னால் நின்று, பாக்கெட்டிலிருந்து பழைய டிஷ்யூ பேப்பரை எடுத்து முகத்தைத் துடைத்து, மறுபடியும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டு சிரித்தார். கேமராக்காரன் படம் எடுத்தான்.

பிறகு பின்பக்கம் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டியை எட்டிப் பார்த்தார். அப்போதாவது ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மன்னித்துத் தொலைத்திருப்பேன். அவர் கண் தொட்டியில் நிற்கவில்லை. ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த சர்க்கரை மூட்டைக்குப் போனது. பக்கத்தில் போய் ஒரு கட்டியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்ல சரக்குங்க. ஏனுங்கம்மிணி, பூச்சிதான் செத்துப்போச்சே, இது எதுக்குங்க இங்க கெடக்குது? டிக்கியில ஒரு ஓரமா வெச்சுப்போடுங்க. பொங்கலுக்கு ஆகும். வீணாப் போயிருமில்லீங்க?"

நான் மூட்டையின் வாயைப் பிரித்து, அடியைப் பிடித்துத் தூக்கித் தொட்டிக்குள் கவிழ்த்தேன். கடைசிக் கட்டி விழும்வரை உதறினேன்.

"ஐயோ! அம்மிணி! என்னங்க பண்றீங்க! ஒரு மூட்டைங்க! ஐயோ, ஐயோ, வீணாப் போகுதே!" என்று கத்தினார். அத்தனை நாளில் அந்த மனிதரின் குரல் பதறியதும், கண் கலங்கியதும் அப்போதுதான். டர்பைனுக்குக் கலங்காத கண், மூட்டை கட்டிய பையன்களுக்குக் கலங்காத கண்.

"வீணில்லீங்க சார், பசிச்சவங்க திங்கறாங்க" என்றேன்.

அந்த மூட்டை வேலை செய்ததா, அதற்கு முன்னால் போட்டதெல்லாம் சேர்ந்து வேலை செய்ததா, தெரியாது. அடுத்து வந்த நாட்களில் ஓரத்தில் பழுப்பு நுரை கட்டியது, மண் வாசனை வந்தது. பட்டறை திறந்தது. டர்பைனை விற்றுவிட்டு, மானியமும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய பாய்லருக்கே போய்விட்டோம். இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு சார் கோபித்துக்கொண்டு, என்னிடம் வாரேன் என்றுகூடச் சொல்லாமல் விறுவிறுவென்று முன்பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். போகிற வழியில் ஆஃபீஸ் வாசலில் ஒரு நொடி நின்றார். உள்ளே கையை விட்டு ஃபேன் சுவிட்சை அணைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

உள்ளே என் கணவர் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. கார் கேட்டைத் தாண்டும்வரை அவர் எழுந்து அந்த ஃபேனைப் போடவில்லை.

"தப்பா நெனச்சுக்குவாரு புள்ள" என்றார்.